நிலத்தை விற்பதற்கு முன் ஒரு சி.டி. ஸ்கேன்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 71 வயது. அப்பா இறந்த பிறகு குத்தகைக் கணக்கு, உரக்கடன், கொள்முதல் நிலையத்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர். மூன்று வருடமாக மறதி. சென்ற வருடம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து அல்சைமர் என்றார்கள். நினைவுப் பரிசோதனையில் 30-க்கு 13 வாங்கினார். டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறோம். இதய வால்வுச் சுருக்கத்துக்காகப் பல வருடமாக அசிட்ரோம், மெட்டோபுரோலால் இரண்டும் சாப்பிடுகிறார். ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். பெரிய காயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மளமளவென்று மோசமாகிவிட்டார். பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் எழுந்து நடமாடுகிறார், நடக்கும்போது ஒரு காலை இழுக்கிறார். தூங்க வைப்பதற்காக மருந்துக் கடையில் அவில் வாங்கிக் கொடுக்கிறேன். மூளையில் படிந்திருப்பதைக் கரைக்கும் நோய் எதிர்ப்பு ஊசி வந்துவிட்டது என்று சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் படித்திருக்கிறார். நகரத்தில் ஒரு தனியார் மையம் ‘பரிசோதனை நிலை இம்யூன் சிகிச்சை’ என்று பன்னிரண்டு லட்சம் கேட்கிறது. பொங்கலுக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். அம்மா பெயரில் இருக்கும் ஐந்து மா நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். விற்காவிட்டால் அம்மாவைக் கைவிட்டதாக ஆகிவிடுமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு 46 வயது. இந்த நோய் எனக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஊசியைப் பற்றிப் பிறகு பேசுவோம். அம்மாவுக்கு இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, தலையில் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது: ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோமைச் சாப்பிடுகிறார், விழுந்திருக்கிறார், விழுந்த பிறகு தூக்கமும் காலை இழுப்பதும் தொடங்கியிருக்கின்றன. எம்.ஆர்.ஐ. எடுத்ததோ விழுவதற்கு முன்னால்.

அல்சைமர் இப்படி மளமளவென்று இறங்குவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நகர்கிற நோய் அது. இரண்டு மூன்று மாதத்தில் ஒருவர் இவ்வளவு மாறியிருந்தால் வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். வயதானவர்களுக்கு மூளை சற்றே சுருங்கியிருக்கும். மூளையின் உறைக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக விழுந்தாலே அவற்றில் ஒன்று அறுந்து சொட்டுச் சொட்டாகக் கசியலாம். அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கசிவு எளிதில் நிற்காது. வாரக்கணக்கில் ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தும்போது மந்தம், தூக்கம், குழப்பம், ஒரு பக்கப் பலவீனம் எல்லாம் வரும். வீட்டில் இருப்பவர்கள் மறதி நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். இப்படி ஒரு கசிவு இருந்தால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றிவிடலாம். பலர் அதன் பிறகு நன்றாகத் தேறுகிறார்கள். அடிப்படையில் இருக்கும் அல்சைமர் போகாது. ஆனால் ஐப்பசிக்கு முன்பிருந்த அம்மா பெருமளவு திரும்பக் கிடைக்கலாம். பன்னிரண்டு லட்ச ரூபாய் ஊசி எதுவும் தராத பலன் அது.

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து எழுதும் நோட்டையும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். “அசிட்ரோம் சாப்பிடுகிறவர், விழுந்துவிட்டார்” என்பதைச் சீட்டு எழுதும் இடத்திலேயே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பயந்துகொண்டு நீங்களாக அசிட்ரோமை நிறுத்திவிட வேண்டாம். வால்வு நோய் உள்ளவருக்கு அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இடையில் வாந்தி, கடும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் விழுந்துபோவது என்று ஏதாவது தெரிந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதே நாளில் ஒரு ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடிய மாத்திரை. மெட்டோபுரோலாலும் அதையே செய்யும். இரண்டும் சேரும்போது சிலருக்குத் துடிப்பு மிகவும் குறைந்து கண் இருட்டி விழுந்துவிடுவார்கள். அம்மா மழையில் வழுக்கித்தான் விழுந்தாரா, மயங்கி விழுந்தாரா என்பது நமக்குத் தெரிய வேண்டும். அவிலை இன்றோடு நிறுத்துங்கள். நினைவுக்குத் தேவையான ஒரு ரசாயனத்தை மூளையில் தக்கவைக்கத்தான் டோனெபெசில் கொடுக்கிறோம். அவில் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள் அந்த ரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. காலையில் ஒன்றைக் கொடுத்து இரவில் அதற்கு எதிரானதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். குழப்பமும் பகல் தூக்கமும் அதனாலும் கூடியிருக்கலாம். பி12, தைராய்டு, சோடியம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

இனி ஊசிக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் படித்தது பொய்யில்லை. அதை அவரிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

அல்சைமர் வந்தவர்களின் மூளையில் பீட்டா அமைலாய்ட் என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறது. டௌ என்னும் இன்னொரு புரதம் அணுக்களுக்கு உள்ளே முறுக்கிக்கொள்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலையே ஏவிவிட்டு அமைலாய்டை அகற்றலாம் என்ற எண்ணம் 1999-இல் எலிகளில் பலித்தது. அமைலாய்டையே தடுப்பூசியாகப் போட்டபோது எலிகளின் மூளையில் படிவு குறைந்தது. உடனே மனிதர்களிடம் சோதித்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் 6 சதவீதத்தினருக்கு மூளையிலும் மூளையுறையிலும் அழற்சி வந்தது. 2002-இல் அந்த ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அதில் பங்கேற்றவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, இறந்த சிலரின் மூளையைப் பரிசோதித்தபோது தெரிந்ததை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. சிலருக்குப் படிவு ஏறத்தாழ முழுவதும் நீங்கியிருந்தது. ஆனாலும் அவர்கள் கடும் மறதி நிலையிலேயே இறந்திருந்தார்கள்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்க்காலை எவ்வளவு நன்றாகத் தூர் வாரினாலும், தண்ணீர் வருவதற்குள் கருகிப்போன பயிர் திரும்பாது. மறதி முதன்முதலாக வெளியில் தெரிவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அமைலாய்ட் படியத் தொடங்கிவிடுகிறது. 30-க்கு 13 என்ற நிலைக்கு ஒருவர் வரும்போது நரம்பணுக்கள் ஏராளமாக அழிந்திருக்கும், டௌ பரவியிருக்கும்.

தடுப்பூசி வழி அப்படி நின்றுபோனதும், ஆய்வகத்தில் தயாரித்த ஆன்டிபாடி என்னும் நோய் எதிர்ப்புப் புரதத்தை நேரடியாக ரத்த நாளத்தில் ஏற்றும் வழிக்கு மாறினார்கள். பேப்பினியூசுமாப் 2012-இல் தோற்றது, சொலனிசுமாப் 2016-இல் தோற்றது. அடுகனுமாப் என்ற மருந்துக்கு 2021-இல் அமெரிக்கா பெரும் சர்ச்சைக்கிடையே அனுமதி கொடுத்தது. 2024-இல் அதைத் தயாரித்த நிறுவனமே கைவிட்டுவிட்டது. இவ்வளவு தோல்விக்குப் பிறகு தேறியவை இரண்டு. லெகானிமாப் 2023-இலும் டொனானிமாப் 2024-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்த நோயின் போக்கை ஓரளவாவது தாமதப்படுத்தும் முதல் மருந்துகள் இவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நரம்பியலில் இது பெரிய விஷயம்தான்.

ஆனால் எவ்வளவு தாமதம்? லெகானிமாப் ஆய்வில் 1,795 பேர் சேர்ந்தார்கள். நோயின் கடுமையை 0 முதல் 18 வரை அளக்கும் ஓர் அளவுகோல் உண்டு. எண் கூடக் கூட நோயும் கடுமை. பதினெட்டு மாத முடிவில் மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 1.66 புள்ளி மோசமாகியிருந்தார்கள். மருந்து போட்டுக்கொண்டவர்கள் 1.21 புள்ளி மோசமாகியிருந்தார்கள். இடைவெளி 0.45. செய்திகளில் வரும் ‘27 சதவீதம்’ என்பது இதுதான். மருந்து பெற்றவர்களும் சராசரியில் கீழேதான் இறங்கினார்கள், சற்று மெதுவாக. போன நினைவு திரும்புமா என்று கேட்டால் திரும்பாது என்றுதான் நான் சொல்ல முடியும்.

அதோடு, இந்த ஆய்வுகளில் சேர்த்துக்கொண்டது லேசான மறதியும் ஆரம்ப நிலை நோயும் உள்ளவர்களை மட்டுமே. அம்மாவுக்குச் செய்தது போன்ற 30 மதிப்பெண் பரிசோதனையில் லெகானிமாபுக்கு 22-க்குக் குறையக் கூடாது, டொனானிமாபுக்கு 20-க்குக் குறையக் கூடாது. 13 என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இவை பயன்படும் என்பதற்கு ஆதாரமே கிடையாது.

அடுத்தது அசிட்ரோம். என் கணக்கில் இதுதான் பெரிய தடை. இந்த ஆன்டிபாடிகள் அமைலாய்டை அகற்றும்போது மூளையில் வீக்கமும் நுண்ணிய ரத்தக்கசிவும் வரலாம், ஏனென்றால் அமைலாய்ட் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் படிந்திருக்கிறது. அதைப் பிய்த்தெடுத்தால் சுவர் ஒழுகுகிறது. லெகானிமாப் பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு வீக்கமும் 17.3 சதவீதத்தினருக்குக் கசிவும் ஸ்கேனில் தெரிந்தன. டொனானிமாபில் வீக்கம் 24 சதவீதம்; அந்த ஆய்வில் இதோடு தொடர்புடையதாக மூன்று மரணங்கள். பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தெரிந்து மறைந்துவிடும் என்பது உண்மை. அல்சைமர் வரும் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஈ4 என்ற மரபணு இரட்டையாக உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. லெகானிமாப் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றியபோது மூளை முழுவதும் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். அசிட்ரோம் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு லெகானிமாப் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்திருக்கின்றன. அசிட்ரோமை நிறுத்திவிட்டுப் போடலாமே என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அம்மாவின் இதயத்துக்கு அந்த மாத்திரை வேண்டும்.

ஆக, உண்மையான மருந்தையே இலவசமாகக் கொடுத்தாலும் அம்மாவுக்குப் போட நான் சம்மதிக்கமாட்டேன். லெகானிமாபைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும், முதல் சில மாதங்களில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இடம் மாறினாலே மிரண்டுபோகும் ஒருவரை இதற்காக நகரத்துக்கும் ஊருக்கும் அலைக்கழிக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

அந்த மையம் தருவதாகச் சொல்வது உண்மையான மருந்துதானா என்பதே சந்தேகம். நீங்கள் எழுதியதில் மருந்தின் பெயர் இல்லை. ‘இம்யூன் சிகிச்சை’ என்ற பெயருக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்: ஸ்டெம் செல், பிளாஸ்மா, இம்யூனோகுளோபுலின். கொடையாளர் ரத்தத்திலிருந்து பிரிக்கும் இம்யூனோகுளோபுலினை அல்சைமருக்குப் பெரிய அளவில் சோதித்து 2013-இல் பயனில்லை என்று முடிவு வந்துவிட்டது. இளைஞர்களின் பிளாஸ்மாவைப் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிய மையங்களைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-இல் வெளிப்படையாக எச்சரித்தது. ஸ்டெம் செல்லை ரத்த நோய்கள் சிலவற்றுக்குத் தவிர வேறெதற்கும் ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

‘பரிசோதனை நிலை’ என்கிறார்கள் அல்லவா, அதுவே அவர்களைச் சோதிக்கும் வழி. இந்தியாவில் புதிய மருந்து ஒன்றை மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமென்றால் 2019-இன் விதிகள்படி அரசின் அனுமதி வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் விலை வாங்குவதில்லை. அண்ணனை அந்த மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். மருந்தின் பெயர் என்ன, பதிவேட்டு எண் என்ன, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தின் நகல் எங்கே, 13 மதிப்பெண்ணும் அசிட்ரோமும் உள்ளவரை எந்த விதியின்படி சேர்க்கிறீர்கள், ஆய்வு என்றால் பணம் எதற்கு? எழுத்தில் பதில் கேட்கட்டும். பொங்கலுக்குள் கட்டு என்று நெருக்குகிறவர்களின் மீது எனக்குக் கோபம் வருகிறது. தாயைக் காப்பாற்றத் துடிக்கும் பிள்ளைகளின் தவிப்பில் கை வைக்கிறார்கள்.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டா அம்மா பெயரில் இருக்கிறது. கிரயம் என்றால் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, தான் செய்வது இன்னதென்று புரிந்து, அதனால் தனக்கு வரும் நன்மை தீமையை எடைபோட முடிந்தவர் செய்யும் ஒப்பந்தமே செல்லும். இந்த நிலையில் அவரைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கைநாட்டு வாங்கினால் நாளைக்கு வழக்காகும். வாங்கியவருக்கும் தொல்லை, உங்களுக்கும் தொல்லை. குத்தகைப் பணம், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு இவற்றை முறைப்படி யார் கையாளுவது என்பதற்குத் திருவாரூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் யோசனை கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு.

கைவிட்டதாக ஆகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் கூடவே எழுந்து நடக்கிறவர் நீங்கள். இந்தக் கேள்வி உங்களை நோக்கி வரவே கூடாது.

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, எல்லாம் வீட்டிலேயே. டெல்டாக் கிராமத்தில் இரவில் எழுந்து நடக்கிறவருக்கு முதல் ஆபத்து தண்ணீர். கிணற்றுக்கு மூடி, கொல்லைக் கதவுக்கு அவர் கண்ணில் படாத உயரத்தில் தாழ்ப்பாள், வாசல் கதவில் ஒரு மணி. குளம், வாய்க்கால் பக்கம் வீடு உள்ள அண்டை வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மறைப்பதால்தான் பலர் காணாமல் போகிறார்கள். அம்மா கழுத்திலோ புடவைத் தலைப்பிலோ உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். பகலில் தூங்கவிடாமல் திண்ணையில் வெளிச்சத்தில் உட்கார வைத்து ஏதாவது வேலை கொடுங்கள். நெல் கணக்குப் பார்த்த கை. பழைய சிட்டையையும் பேனாவையும் கொடுத்தால் எழுதிக்கொண்டிருப்பார். எழுதுவது சரியா என்று பார்க்காதீர்கள், திருத்தாதீர்கள். “என்னைத் தெரிகிறதா?” என்று வருகிறவர்கள் எல்லோரும் பரீட்சை வைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். “நான்தான் உங்கள் தங்கை மகள் வந்திருக்கிறேன்” என்று அவர்களே சொல்லட்டும். முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது.

உங்களுக்கு வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் தொடங்கும் அல்சைமர் தாயிடமிருந்து மகளுக்கு நேராக இறங்கும் நோய் அல்ல. ஆபத்து சற்றுக் கூடுதல், அவ்வளவே. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டாம். இப்போது உங்களுக்கு அதனால் பயம்தான் மிஞ்சும். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைப் பதினான்கு காரணங்களோடு தொடர்புபடுத்தியது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, மனச்சோர்வு, தனிமை என்று நாம் கை வைக்கக்கூடிய காரணங்கள் அவை. இரவெல்லாம் விழித்திருக்கும் உங்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பணியாளரிடமே பார்த்துக்கொள்ளலாம். நோய் எதிர்ப்புக்கும் மறதிக்கும் உள்ள தொடர்பில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி, வேல்ஸ் நாட்டில் அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர்களுக்கு ஏழு வருடத்தில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்தது என்று 2025-இல் வெளியான ஆய்வு. வருங்காலத்தில் இது எங்கே கொண்டுபோகும் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வயதில் இதற்காக ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

அண்ணனிடம் இந்தப் பதிலை முழுவதுமாகப் படிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்காக எதையும் செய்ய வேண்டும் என்று அவர் நினைப்பது நல்ல விஷயம். பன்னிரண்டு லட்சத்தில் ஒரு சிறு பகுதியை அவர் அனுப்பினாலே போதும், பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நம்பிக்கையான ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். முடிந்தால் அவர் ஒரு மாதம் விடுப்பில் வந்து இரவுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் உறங்க வேண்டும். ஆனால் இதெல்லாம் அடுத்த வாரத்து வேலை. நாளைக்குக் காலையில் ஐ.என்.ஆர். நோட்டோடு ஸ்கேனுக்குப் புறப்படுங்கள். கசிவு இருப்பதாகச் சொன்னால் அறுவைச் சிகிச்சைக்கு முன் இதய மருத்துவரிடமும் பேசச் சொல்லிக் கேளுங்கள்.